தாலாட்டுக்கு வாங்கிய அனுமதி

வாக்குப்பதிவுக்கு முந்தைய வியாழன், காலை ஒன்பது மணி. பிரசன்னா டீச்சர் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் ஜோஸ்குட்டி சிரித்தான்.

“அனுமதி வந்தாச்சு டீச்சரே. இனி எவனும் நம்ம பாட்டை நெட்லேர்ந்து தூக்க முடியாது.”

தேர்தல் வந்தால் கேரளத்தின் கோதமங்கலத்தில், வேட்பாளர்களைக் கேலி செய்ய, சினிமாப் பாட்டுகளின் வரிகள் மாறும். யார் எழுதியது என்று யாரும் சொல்வதில்லை. யாரும் அனுமதி கேட்டதுமில்லை. போன தேர்தலில் உரிமைக்காரர்கள் புகார் செய்து, பாட்டு ஒரே பகலில் இணையத்திலிருந்து போய்விட்டது. இந்த முறை ஜோஸ்குட்டி, உரிமை வைத்திருக்கும் பாட்டுக் கம்பெனியிடம் முறைப்படி கேட்டான்.

மெட்டு, பழைய சினிமாத் தாலாட்டு ஒன்று. கேலிக்கு ஆளாகும் வேட்பாளர், குவாரி முதலாளி வர்க்கிச்சன். இரண்டாம் சரணத்தில் அவர் குவாரியில் பாறை சரிந்து, வேலைக்கு வந்த ஓர் அசாம்காரன் அடியில் கிடக்கிறான். எடுக்காமலே மேலே மண் தள்ளுகிறார்கள். அது நிஜமாகவே நடந்தது; பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவன் டீச்சரின் கணவன் சதீசன். இன்னும் அங்கேதான் டிப்பர் ஓட்டுகிறான்.

“வரிகளையும் அனுப்பினியா?”

“பார்க்காம எப்படித் தருவாங்க? எழுதினவங்க பேர், விலாசமும் கேட்டாங்க. கொடுத்தேன்.”

“என் பேரையா?”

“பின்னே? என் பேரைப் போட்டா ஊரே சிரிக்கும். என் லீவ் லெட்டரையே நீங்கதானே எழுதித் தந்தீங்க.”

“கம்பெனி யாரோடது?”

“இப்பக் கைமாறிடுச்சாம். போன்ல பேசினவர் நல்ல மரியாதை. ‘வர்க்கிச்சன் என் மாமனார்தான், அவரே படிச்சு ரசிச்சார், தாராளமாப் பாடுங்க’ன்னார். பெரிய மனசு, இல்லே?”

அவள் சதீசனை அழைத்தாள். போன் அணைந்திருந்தது. குவாரியில் வெடி வைக்கப் போகிறவர்களிடம்தான் போனை வாங்கி வைப்பார்கள்.

வாசலில் பிரசார ஜீப் வந்து நின்றது. ஒலிபெருக்கியில் அதே தாலாட்டு, சினிமாவில் வந்தபடியே, ஒரு வரியும் மாறாமல். வர்க்கிச்சன் கைகூப்பியபடி இறங்கினார்.

“ஓட்டு கேக்க வந்தேன் டீச்சரே. எழுத்து பிரமாதம்.”

“சதீசன் எங்கே?”

“பாவம், டிப்பர் ஓட்டி இடுப்பு போச்சு. இன்னைக்குக் கீழே, குழியில விட்டிருக்கோம்.” கடிகாரத்தைப் பார்த்தார். “அவன்கிட்டயும் கேட்டேன். நான் எதுவும் சொல்லலேங்கிறான். அப்ப மத்த ரெண்டு பேர்ல யார் சொன்னது, டீச்சரே?”