வால்டர் துரைக்கு வைத்த படையல்

வீட்டுச் சுவரில் படம் தொங்கினால் ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்தவர். ஆராயிக்குத் தெரிந்து மூன்றாவது வகை கிடையாது. ராஜா படம் தாலுகா கச்சேரியில் தொங்கும்தான், ஆனால் கச்சேரி வீடாகுமா?

அதனால்தான், மேட்டூரில் புதிதாக எழும்பிய நூல் மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் வால்டர் துரையின் பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்த அன்றே அவள் மனசு இளகிவிட்டது. கூடத்துப் படத்தில் ஓர் ஆள் சேற்றில் கையை விரித்துக்கொண்டு கிடந்தான். அச்சு அசலாகத் துரையின் ஜாடை. பின்னால் வலை. வலைக்கு அப்பால் பெருங்கூட்டம், பாதிப் பேர் தலையில் கை வைத்திருந்தார்கள். இழவு வீடு வேறு எப்படி இருக்கும்? எடுப்பதற்கு முன்னால் பிணத்தைப் படம் பிடித்து வைப்பது சேலத்தில் வசதியானவர்கள் செய்கிற காரியம்தான். துரையின் அண்ணனோ தம்பியோ ஆற்றில் விழுந்து செத்திருக்கிறான், வலை வீசி எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். வலைக்குள் உருண்டையாக ஒன்று கிடந்தது. அதைத் தேங்காய் என்று வைத்துக்கொண்டாள்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். வேலைக்குப் போன இடத்தில் முதல் பேச்சாகச் சாவையா கேட்பார்கள்? அவள் கேட்கவில்லை. அமாவாசை வந்ததும் படத்தைத் துடைத்துப் பொட்டு வைத்து, ஒரு முழம் சாமந்தி சாத்தினாள். மில்லிலிருந்து வந்த துரை அதைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு நெஞ்சில் கை வைத்து அவளுக்குத் தலை குனிந்தார். கூடப் பிறந்த பாசம் விடுமா, பாவம் என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்து அமாவாசை தவறியதில்லை.

துரைக்கு நாற்பது தாண்டியிருக்கும். நல்ல உயரம். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. தமிழ் முழுக்க ஆராயியிடம் கற்றுக்கொண்டதால் வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட, "வெளியே போங்க" என்றுதான் விரட்டுவார்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ஆடி அமாவாசை வந்தது. பெரிய அமாவாசை ஆயிற்றே என்று ஆராயி வடை, பாயசம், பூசணிக்காய்க் குழம்பு எல்லாம் செய்து, படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்தாள். காக்கைக்குச் சோறு வைக்கக் கொல்லைக்குப் போனாள். தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு காக்கை வரவில்லை. ஆற்றங்கரையில் ஊரே படையல் போடும்போது, எந்தக் காக்கை மில் பங்களாவுக்கு வரும்? அலுத்துப் போய் உள்ளே வந்தால், துரை படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வடையைத் தின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

ஆராயி போட்ட சத்தத்தில் அவளுடைய தம்பி மணியன் வாசலிலிருந்து ஓடி வந்தான். மில்லில் துரைக்குக் கீழே ஃபிட்டர் வேலை அவனுக்கு. துரையோடு இங்கிலீஷ் பேசுவான்.

"செத்தவருக்கு வெச்சதை, காக்கா எடுக்கறதுக்கு முந்தி எடுத்து வாயில போட்டுட்டாரு, மணியா! என்னன்னு கேளு!"

துரை பாதி வடையை இலையில் வைத்தார். "ஆருங்க செத்தது?"

ஆராயி படத்தைக் காட்டினாள்.

"அது நானுங்க" என்றார் துரை.

எதிரே உட்கார்ந்து குழம்பைப் பிசைகிறவர் எப்படிப் படத்தில் செத்துக் கிடப்பார்? மணியன் கேட்டுக் கேட்டுச் சொன்னான். துரை லைப்சிக் என்ற ஊரில் பூட்டுச் செய்கிறவரின் மகனாம். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின பெரிய சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பி, பந்தாட்டத்தில் சேர்ந்து கோல்கீப்பராக நின்றாராம்.

"கோல்கீப்பருன்னா?"

"மத்தவங்க பந்தை ஒதைச்சுட்டு ஓடுவாங்கக்கா. இவரு மூணு கட்டைக்கு நடுவால நின்னு, பந்து உள்ள போவாம பாத்துக்கோணும்."

"நிக்கறதா வேலை? ஓடறவனை உட்டுப்போட்டு நிக்கறவனுக்கா பேரு குடுத்தாங்க?"

கொடுத்தார்களாம். பதினோரு வருஷம் அந்த ஊருக்கு இவர்தான் அரணாம். ஓடி வருகிறவன் காலடியில் தலைகுப்புறப் பாய்வாராம். பூட்ஸ் ஏறி விரல் முறிந்த அன்று, துணியைச் சுற்றிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை நின்றாராம். ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதாம். அப்புறம் ஜெர்மனி முழுக்க மோதி மிஞ்சிய இரண்டு டீமின் கடைசி ஆட்டம். மழை. முடியப் போகிற நேரத்தில் குழந்தை உருட்டிவிட்டது போல ஒரு பந்து வந்தது. அவர் குனிந்தார், விழுந்தார், பந்து வயிற்றுக்கடியில் நழுவி வலைக்குள் போய்விட்டது. மறுநாள் ரொட்டிக் கடையில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. ஆட்டத்தை விட்டார். மெஷின் கம்பெனியில் சேர்ந்து, உள்ளதிலேயே தூரமான ஊருக்கு அனுப்பச் சொன்னார். அந்தத் தூரமான ஊர்தான் நம் மேட்டூர்.

ஆராயிக்கு இன்னும் குழப்பம்தான் கூடியது. "தோத்த படத்தை எவனாச்சும் சட்டம் போட்டு மாட்டுவானா? செயிச்ச படம் ஒண்ணு இல்லையா?"

துரை தானே தமிழில் சொன்னார். "புடிச்ச பந்தை ஒருத்தரும் படம் எடுக்கலைங்க. உட்ட பந்தைத்தான் எல்லாரும் எடுத்தாங்க. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதானுங்க."

பிறகு பூவைக் காட்டி, இது எதற்கு என்று மணியனைக் கேட்டார். மணியன் மென்று விழுங்கிச் சொன்னான். துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் ஆராயியைப் பார்த்தார்.

"ஒரு வருசமா எனக்கு மரியாதை பண்றீங்கன்னு நெனச்சேனுங்க."

ஆராயி படத்தருகே ஓடினாள். பூவைப் பிய்த்தெடுத்தாள், பொட்டை அழித்தாள். இருக்கட்டும் என்று அவர் சொன்னதைக் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவருக்குப் பூச் சாத்திப் படையலும் போட்டாயிற்றே! அதுவும் ஒரு தரமா? இனி இந்த மனிதருக்கு என்ன வந்தாலும் அது தன்னால்தான் என்று அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தும் விட்டது. அடுத்த அமாவாசை வருவதற்குள் சண்டை மூண்டது. இங்கிலீஷ்காரனுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை என்றால் ஜெர்மன்காரர் எல்லாரும் எதிரியாம், பிடித்துக்கொண்டு போய்க் காவல் முகாமில் அடைப்பார்களாம். சுட்டுவிடுவார்கள் என்றும் மில் வாசலில் பேசிக்கொண்டார்கள். சீமையில் எவனோ எவனையோ அடிப்பதற்கும் மேட்டூரில் மெஷின் பூட்டுகிறவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராயிக்கு விளங்கவில்லை. தான் சாத்திய பூதான் விளங்கியது.

பக்கத்து வீட்டுப் பழனியம்மாளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உசுரோட இருக்கறவருக்குப் படையல் போட்டா, எமன் எலை கேட்டு வரமாட்டானா புள்ள?" என்று முதலில் பயமுறுத்திய பழனியம்மாள், ஆராயியின் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். "இரு, இரு. காக்கா தலையில தட்டுனா என்ன பண்றோம்? ஆளு செத்துட்டான்னு சொந்தம் ஒறம்பரைக்குப் பொய்ச் சேதி சொல்லியுட்டு அழ வெக்கறதில்லையா? அழுதுட்டா தோசம் போயி ஆயுசு கெட்டியாயிரும். நீ பூவைப் போட்டே, படையலும் போட்டே. ஆராச்சும் அழுதீங்களா? அரைகொறையா நிக்குது. அழுது முடிச்சிரோணும்."

"ஆரு அழுவறது? அவருக்கு ஒறம்பரைன்னு ஆரு இருக்கறா இங்க?"

"சொந்தமா இருக்கறவ அழுதாத்தான் பலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பழனியம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சம்பளத்துக்குச் சோறாக்குகிறவள் சொந்தமா? சாதி வேறு, நாடு வேறு, நிறமே வேறு. இவள் அழுதால் எமன் கணக்கில் சேருமா, சேராதா? அடுத்த நாள் காலையில் போலீஸ் மோட்டார் வந்து நிற்கிறவரை அவளுக்கு இது பிடிபடவில்லை.

இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றார். துரை பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது ஆராயி கூந்தலை அவிழ்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள். யார் வீட்டு இழவிலும் முதல் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும், இன்றைக்கு என்று பார்த்துக் கண் காய்ந்து கிடந்தது. சத்தம் வந்தது, அழுகை வரவில்லை.

"என்னம்மா இது? காவல்லதான் வெக்கப் போறோம். எந்திரி" என்றார் இன்ஸ்பெக்டர்.

துரை ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"எனக்கும் சேத்து அரிசி போட்டுட்டீங்களா? வேண்டாமுங்க, வீணாப் போயிரும்."

அவ்வளவுதான். அடி வயிற்றிலிருந்து கிளம்பியது. தன் அப்பனுக்கு அழுததை, அண்ணனுக்கு அழுததை எல்லாம் கூட்டி, என்னைப் பெத்த சாமி, சீமையிலே பொறந்த ராசா என்று ஆராயி தலையைத் தரையில் மோதி ஒப்பாரி வைத்தாள். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துரை பெட்டியைப் போட்டுவிட்டு அவள் எதிரில் மண்டியிட்டார்.

"அழுவாதீங்க ஆராயி. நான் சாகலைங்க."

"அதுக்குத்தானுங்க சாமி அழுவறேன்!"

இன்ஸ்பெக்டர் விளக்கம் கேட்டு மணியனைத் திரும்பிப் பார்த்தார். மணியனும் அழுதுகொண்டிருந்தான். மோட்டார் துரையை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் பாலம் தாண்டி மறைந்த பிறகும் ஆராயி ஓயவில்லை. பாதியில் நிறுத்தினால் பலிக்காமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.