ஜன்னலில் திரும்பி வந்த மருந்து

யாத்விகா சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். ஹ்ரோத்னா நகரத்தில் ரகசியம் பேசுகிற வீடுகளிலெல்லாம் இப்படித்தான் தண்ணீர் ஓடும். அந்தச் சத்தத்தில், ஒட்டுக்கேட்கிறவர்களுக்குப் பேச்சு கேட்காது.

அவள் கணவன் வித்தோல்ட் அரசை எதிர்த்த ஊர்வலத்தில் பதாகை பிடித்ததற்காகச் சிறையில் இருந்தான். சர்க்கரை நோயாளி. அவனுக்காக நாத்தனார் ரெனாத்தா ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அது எல்லை தாண்டிப் போய்விட்டால், அங்கே முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் பார்த்து எழுதிச் சிறை அதிகாரிக்கு அனுப்புவார்கள்.

"வசவு இல்ல, அழுகை இல்ல. 'மதிப்புக்குரிய ஐயா'ன்னே ஆரம்பிச்சிருக்கேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு," என்றாள் ரெனாத்தா. "ஒரே கோரிக்கை, இன்சுலின். படிச்சுப் பாரு அண்ணி."

'திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு இன்சுலின் கொடுக்கப்படவில்லை' என்ற வரியில் யாத்விகா விரலை வைத்தாள்.

"இது நமக்கு எப்படித் தெரியும்னு கேட்பாங்களே."

"கேட்கட்டும்."

"ஸோஸ்யா மாட்டிக்குவாடி!"

சிறை மருத்துவ அறையில் தரை துடைப்பவள் ஸோஸ்யா. மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி வாங்குகிற சாக்கில், ஊசி நின்றுபோன செய்தியை யாத்விகாவின் காதில் போட்டுவிட்டுப் போனவள்.

"அந்த வரிய எடுத்துட்டா, யாரோ விட்ட கதைன்னு அதிகாரி குப்பையில போடுவான். எங்கண்ணன் சாகட்டுமா?"

எழுதினால் ஓர் உயிர், எழுதாவிட்டால் ஓர் உயிர்.

மறுநாள் புதன்கிழமை காலை, இன்சுலின் பெட்டியோடு, சிறையில் பொட்டலம் வாங்குகிற ஜன்னலுக்கு யாத்விகா போனாள். பொட்டலங்களோடு பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். அவள் முறை வந்தபோது பெட்டியை உள்ளே நீட்டினாள்.

"மருந்தெல்லாம் வாங்குறதில்ல," என்றான் காவலன். "உள்ளயே தர்றாங்க. தரலைன்னு யாரு சொன்னா உனக்கு?"

யாத்விகா பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யாருய்யா வந்து சொல்லணும்? பொண்டாட்டிக்குத் தெரியாதா? ஊசி இல்லாம அவரு தாங்கமாட்டாரு. இதை வாங்கி அவருகிட்ட சேர்த்துடுங்க, போயிடுறேன்."

பெட்டியை வெளியே தள்ளினான். "உன் பேரு என்ன?" என்று பேனாவை எடுத்தான்.

சொன்னாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

வீட்டில் மறுபடி தண்ணீர் ஓடியது. திங்கட்கிழமை வரியை அடித்துவிட்டு, அவளே எழுதினாள்: 'புதன்கிழமை மனைவி யாத்விகா கொண்டுபோன இன்சுலினைச் சிறை ஜன்னலில் வாங்க மறுத்துவிட்டார்கள். அவருக்குத் தினமும் இன்சுலின் கிடைக்கிறதா என்று தெரிவியுங்கள்.'

ரெனாத்தா பதறிப்போனாள். "உன் பேரையா போடுற? அடுத்து உன்னைத்தான் தூக்குவாங்க அண்ணி!"

"தெரியும்டி. ஆனா ஸோஸ்யாவைத் தேட மாட்டாங்க. சிறைக்குன்னு கம்பளிக் காலுறையெல்லாம் பையில எடுத்து வெச்சிட்டேன். பூனைக்கு மட்டும் நேரத்துக்கு மீன் போட்டுடு. உன்னை மாதிரியே அதுவும் பசி தாங்காது."

ரெனாத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கதவைப் பார்த்தார்கள். அது அவர்கள் மாடியைத் தாண்டிப் போயிற்று.

ரெனாத்தா கடிதத்தை மடித்துப் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு எல்லை தாண்டும் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். யாத்விகாவுக்குக் குழாயை மூடக் கை வரவில்லை.