இறங்கிப்போன ஏழாம் காம்பரா

இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு ஒற்றையறை வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்திலிருந்து ஏழாம் காம்பரா மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டடி முன்னால் நகர்ந்து நின்றது. தேங்காய் எண்பது ரூபாய்க்கு விற்ற வருஷம் அது. உள்ளே பூரணி ஊற்றிவைத்த தேத்தண்ணிகூடச் சிந்தவில்லை. மண்சரிவு என்று பயந்து லயமே சாமான்களோடு கோயிலில் போய் உட்கார்ந்தது. ஆபீசர் ஒருவர் வந்து அளந்தார். மண் நகரவில்லை, வீடுதான் நகர்கிறது என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிளேன்டி குடித்துவிட்டுப் போனார். அதோடு அவர் வேலை முடிந்ததாம்!

காரணம் பூரணிக்குத் தெரியும். கொழும்பில் கடையில் நின்ற தம்பி கஜேந்திரன் ஐஸ் போதைப் பழக்கத்தோடு திரும்பியிருந்தான். அவன் அதை அடிக்கிற நாளில் காம்பரா இரண்டடி இறங்கும், அடிக்காத நாளில் நிற்கும். அடிக்காத நாள்கள் குறைந்துகொண்டே வந்தன. கீழே நீர்த்தேக்கம். தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலும் மூன்று காம்பராக்கள் கிளம்பிவிட்டன. அதில் ஒன்று இருபத்திரண்டு வயதுப் பையனோடு தண்ணீருக்குள் போய்விட்டது. பூரணியின் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர்கள் கூரையைத் தொடாதவை. எட்டாம் காம்பரா ஷிராணியும் பூரணியும் பதினைந்து வருஷம் முகம் பார்க்காமலே சுவருக்கு மேலால் பேசிச் சமைத்தவர்கள். இப்போது பூரணி பேசினால் பதில் சொல்ல யாருமில்லை. சொல்லப்போனால், தண்ணீரைவிட அதுதான் அவளை வதைத்தது.

ஷிராணி ஒருநாள் தேயிலைக்குள் இறங்கி வந்து வாசலில் நின்றாள். "நீ வெளிய வந்துரு பூரணி. எங்க வீட்டுல இரு. அவன் போனா போறான்."

"நான் எறங்கிட்டா ஒரே நாள்ல தண்ணிக்குள்ள போயிருவான்க்கா."

ஷிராணி திரும்பிப் போனாள். ஏழாம் காம்பரா இருந்த இடத்தில் முதலில் விறகு அடுக்கினாள், பிறகு தகரம் போட்டாள், மகனுக்குக் கல்யாணமானதும் அங்கே சமைக்கக் குசினி கட்டினாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சும்மா கிடந்த இடம்தானே.

வாசற்படியில் தண்ணீர் தட்டிய காலையில் கஜேந்திரன் கதவைத் திறந்து பார்த்தான். "அக்கா, நீ எறங்கு" என்றான்.

"மாட்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா எறங்க மாட்டேன்டா."

அன்றைக்கு அவன் அடிக்கவில்லை. நாள்கணக்கில் தூங்கினான், எழுந்து கத்தினான், சட்டியை உடைத்தான், டவுன் டாக்டரிடம் போய்வந்து அழுதான். காம்பரா நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு மாதம் கழித்து மேலே ஏறத் தொடங்கியது, நாளுக்கு அரையடி. வழியில் இரண்டு தரம் சறுக்கியது. மூன்றாவது வருஷம் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நுழைய இடமில்லை. ஷிராணி குசினிக்குள்ளிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்து, "வந்துட்டீங்களா" என்றாள். வேறு என்ன சொல்வாள், பாவம். காம்பரா ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, மூன்றடி தள்ளி முன்னாலேயே அமர்ந்துகொண்டது.

இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஜனங்கள் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்கள். கஜேந்திரனை யாரும் சுகம் விசாரிப்பதில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் அந்தச் சுவரின் அடியைக் குனிந்து பார்க்கிறார்கள். நகரவில்லையென்றால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். பூரணியும் பார்க்கிறாள், தம்பி பீலித் தண்ணீரில் முகம் கழுவப் போன நேரமாக.