மீதி எல்லாம் சரி

எவர்சில்வர் டம்ளர் அவளுடைய இடது புருவத்தில் பட்டுத் தெறித்து, சுவரில் மோதி, வாசற்படி வரை உருண்டு போயிற்று. முதலில் வலிக்கவில்லை. கண்ணுக்குள் ஏதோ சூடாக இறங்கியபோதுதான் ரத்தம் என்று தெரிந்தது.

"படின்னா படிக்கணும்," என்றார் அப்பா. மூக்கில் ஆக்சிஜன் குழாய். ரெண்டு வார்த்தை பேசினால் நாலு மூச்சு வாங்கியது. ஆனால் குறி மட்டும் தப்பவில்லை.

அவள் துப்பட்டாவால் புருவத்தை அழுத்திக்கொண்டாள். மடியில் கைப்பேசி. அண்ணன் தன் வலைப்பூவில் காலையில் எழுதியிருந்ததை உரக்கப் படித்துக்கொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்றுவிட்டிருந்தாள். அதற்குத்தான் டம்ளர்.

அண்ணன் மீசை அரும்புகிற வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனவன். வேறு ஊரில் ஒரு அச்சகத்தில் வேலை. தங்கைக்கு மட்டும் எப்போதாவது போன் பண்ணுவான். அப்பாவோடு பேச்சே கிடையாது. ஆனால் எழுதினான். எல்லாம் அப்பாவைப் பற்றித்தான். பெல்ட்டைப் பற்றி, ஸ்பேனரைப் பற்றி, தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டாலே கால்சட்டை நனைந்துபோனதைப் பற்றி. படித்தவர்கள் கீழே பின்னூட்டம் போட்டார்கள். 'இந்த ஆளைக் கட்டிவைத்துத் தோலை உரிக்கணும்.' 'இன்னும் உயிரோடவா இருக்கான்?'

யாரோ காட்டி, அப்பாவுக்கு விஷயம் தெரிந்த அன்று வீடு ரெண்டுபடப் போகிறது என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நடந்தது வேறு. "பதில் போடணும். எனக்கு விரல் நிக்கல. நான் சொல்றேன், நீ தட்டு," என்றார். 'இருக்கேன்டா. நான்தான் அந்த அப்பன். தைரியம் இருந்தா நேர்ல வா.' அதுதான் அவருடைய முதல் பின்னூட்டம்.

கூட்டைக் கலைத்த குளவி மாதிரி பாய்ந்தார்கள். அவரும் ஒருத்தரை விடவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த லாரியை விற்ற பிறகு மூலையில் சுருண்டு கிடந்த மனுஷன், பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே, "என்னடி போட்டிருக்கானுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். பூனைமீசை என்ற பெயரில் ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டுவான். இவரும் பதிலுக்கு அவன் பரம்பரையையே இழுப்பார். அவன் கொஞ்ச நாள் தலைகாட்டாவிட்டால், "எங்க அந்த நாயைக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா, கேளு," என்பார்.

எந்தப் பின்னூட்டமும் அண்ணன் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும். அப்பா போட்ட எதையும் அவன் தடுத்ததில்லை. பதிலும் சொன்னதில்லை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான்.

"படி," என்றார் மறுபடி.

அவள் படித்தாள். "'அம்மா காய்ச்சலில் சாகவில்லை. அவர்தான் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார். தங்கை அப்போது கைக்குழந்தை. அவளுக்கு இன்றுவரை தெரியாது.'"

அப்பா மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"கீழ என்ன போட்டிருக்கான்?"

"கொலைகாரன்."

"அடுத்தது?"

"கொலைகாரன்."

"பூனைமீசை?"

அவள் திரையைத் தள்ளித் தேடினாள். "'பெரியவரே, இது பொய்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.'"

அப்பா கண்ணை மூடினார். "எழுது."

"முடியாது."

அவர் கை பாய்ந்து வந்து அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்தது. தலை கட்டில் சட்டத்தில் இடித்தது. அவள் அந்த மணிக்கட்டைப் பற்றித் திருகி மெத்தையில் வைத்து அழுத்தினாள். சுள்ளி மாதிரி இருந்தது. இந்தக் கையா? இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முறிந்துவிடும். அழுத்தினாள். அவர் உதடு நீலம் பாய்ந்தது.

"உடை," என்றார். "உடைச்சுட்டு எழுது."

அவள் கையை எடுத்தாள். மணிக்கட்டில் அவளுடைய விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

"மாடிப்படி இல்ல," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சமையலறை. தள்ளல. அடிச்சேன். மீதி எல்லாம் சரி."

அவள் தட்டினாள். புருவத்திலிருந்து ஒரு சொட்டு திரையில் விழுந்தது. துடைத்துவிட்டு மீதியைத் தட்டினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அனுப்பு." பிறகு, "தண்ணி குடு."

அவள் டம்ளரைப் பொறுக்கிக்கொண்டு போனாள். சமையலறை நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. கை அடுப்புக்கு எட்டிய நாள்முதல் அவள் புழங்குகிற அறை. எந்த இடத்தில் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தொட்டியடியிலா, ஜன்னலோரமா? எவ்வளவு நேரம் நின்றாளோ. கடைசியில் குளியலறைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது, அப்பா யாருக்கோ பதில் சொல்லப் போகிற மாதிரி வாயைத் திறந்து வைத்தபடி போயிருந்தார்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தான். கூடத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றி நிமிர்வதற்குள், வெல்டிங் பட்டறைச் சித்தப்பா பாய்ந்து வந்து கன்னத்தில் அறைந்தார்.

"எதுக்குடா வந்தே? எங்கண்ணனை ஊர் சிரிக்க வெச்சது பத்தலையா? கொலைகாரன்னு எழுதினியே, கை அழுகாது?"

முதல் அடியை அண்ணன் வாங்கிக்கொண்டான். ரெண்டாவது அடி உதட்டைக் கிழித்ததும், சித்தப்பாவின் சட்டையை வளைத்துப் பிடித்துச் சுவரில் மோதினான். பொத்தான்கள் சிதறின. இருவரும் கட்டிப் புரண்டு வந்து பெஞ்சில் விழ, அது சாய்ந்தது. அப்பாவின் ஒரு கால் நழுவித் தரையில் தட்டியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அலறினார்கள்.

அவள் அலறவில்லை. கீழே விழுந்து கிடந்த அண்ணனின் கைப்பேசியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. உனக்குத்தான் போட்டிருக்கார். நேத்து."

அவன் இரைக்க இரைக்க வாங்கிப் படித்தான். பிறகு அவள் புருவத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான்.

"நீ எழுதினதா பாப்பா?"

"அவர் சொன்னார். நான் தட்டினேன்."

அவன் மறுபடி படித்தான். "நான் மாடிப்படியில உக்காந்திருந்தேன்," என்றான் மெதுவாக. "சத்தம் மட்டும்தான் கேட்டுது."

"என்னடா அது?" என்று கத்தினார் சித்தப்பா. அண்ணன் போனை அப்படியே அவரிடம் கொடுத்தான். அவர் அதைத் தூரமாகப் பிடித்து, உதடு அசைய, எழுத்துக்கூட்டிப் படித்தார். முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு, இல்லாத பொத்தானைப் போட முயன்றார்.

அண்ணன் திரையில் 'அனுமதி' என்பதைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினான். "விட்டாச்சு," என்றான்.

வெளியே அமரர் ஊர்திக்காரர் ஹாரன் அடித்தார். "தூக்குறீங்களா? அடுத்த சாவு வீட்டுக்குப் போகணும்."

கூடத்தில் பலமுள்ள ஆம்பளைகள் அவர்கள் ரெண்டு பேர்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சித்தப்பா கால்மாட்டில் குனிந்தார். அண்ணன் தலைமாட்டுக்குப் போனான். ஒடுங்கிப்போன உடம்பு, சுலபமாகவே எழும்பியது.

நடைவழி குறுகலானது. திரும்புகிற இடத்தில் சித்தப்பா, "பாத்துடா, தலை," என்றார்.

அண்ணன் ஒரு கையை விடுவித்து, அப்பாவின் தலைக்கும் கதவு நிலைக்கும் நடுவே கொடுத்தான். அவன் புறங்கை மரத்தில் சிராய்த்துக்கொண்டே போனது.