ட்ரில் நிற்கட்டும் என்று

காலை ஏழு மணிக்கு அவருடைய கால் நகங்களை வெட்டிவிட்டேன். ஆபரேஷன் செய்கிறவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அவர்தான் கேட்டார். உடைந்த காலுக்கு அலங்காரமா, பெண் பார்க்கவா போகிறீர்கள் என்றேன். இருக்கிற ஒருத்தியையே சமாளிக்க முடியவில்லை என்றார்.

பிறகு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். என் மகள் வயதிருக்கும். இவருடைய இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது, முழு மயக்கம் தாங்காது என்றார். நரம்புகளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு அந்தக் காலை மட்டும் மரத்துப்போக வைப்பார்களாம். இவர் விழித்தே இருப்பாராம்.

"நெஞ்சு கொஞ்சம் பாரமா இருந்தாக்கூட உடனே சொல்லிடணும்ப்பா. மெஷின்ல தெரியறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் தெரியும்."

இவர் தலையாட்டினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இவர் வாயே தொறக்க மாட்டாரும்மா. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்றேன், பெருமையாக. டாக்டரம்மா சிரித்தார்.

முப்பத்தொரு வருடம் லேத் பட்டறையில் நின்றவர். ஓடுகிற மெஷினில் கை வைத்திருப்பவரிடம் யாரும் பேசக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஒரு முறை பின்னாலிருந்து யாரோ கூப்பிட, பக்கத்து மெஷின்காரர் திரும்பினார். இரண்டு விரல்கள் போயின. அன்றிலிருந்து வீட்டில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தால்கூட இவர் வாசற்படியில் நிற்பார். கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் தண்ணீர் கேட்பார். இது எனக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

பதினொன்றரைக்கு டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்தார். மெஷினில் மாற்றம் தெரிந்து கேட்டபோதுதான் இவர் சொன்னாராம், வலி தொடங்கி அரை மணி நேரம் ஆகிறதென்று.

"ஏன்ப்பா சொல்லலேன்னு கேட்டேன்மா. பெரிய டாக்டர் ட்ரில் போட்டுட்டு இருந்தார், அது நிக்கட்டும்னு இருந்தேன்னார்."

ரொம்ப வலித்ததாமா என்று கேட்டேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

எப்போது சொல்லியிருந்தாலும் அந்த இதயம் தாங்கியிருக்காது என்கிறான் மகன். இருக்கலாம். ஆனால் அந்த அரை மணி நேரத்தை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சொல்ல வேண்டிய ஒன்றை விழுங்கிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொன்னேன். இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

எலும்பு வேலை முழுவதும் முடிந்திருந்தது, தையல்தான் பாக்கி என்றார் பெரிய டாக்டர். ஆபரேஷன் நடக்கும்போதே எடுத்த எக்ஸ்ரே பீரோவில் இருக்கிறது. ஒரு தகடு, ஆறு திருகுகள். ஆறும் நேராக இருக்கின்றன.