தவளை டீச்சரின் கையெழுத்து

சேயார் வகுப்புக்குள் ஷூவோடு வந்துவிட்டான். பத்து மாதத்தில் ஒருநாள்கூட அவன் வாசலில் காலணியைக் கழற்ற மறந்ததில்லை. பலகையில் தாய்லாந்து எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்த கோப் டீச்சர் அந்த ஷூவைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விசா நீட்டிப்புக்குக் குடிவரவு அலுவலகத்துக்கு இப்படித்தான் உடுத்திப் போகணும் என்று நேற்றுச் சொல்லி அனுப்பியவளே அவள்தான்.

“ஏழு நாள், டீச்சர். ஏழு நாளுக்குள்ள நாட்டை விட்டுப் போயிடணுமாம்.”

“என்னடா உளர்றே? படிக்கச் சொன்னாங்களா? படிச்சியா?”

“படிச்சேன். சந்தைல மீன் என்ன விலைன்னு கேட்டாங்க, பேரம்கூடப் பேசிக் காட்டினேன். கவுன்டர்ல இருந்த அதிகாரி அம்மா சிரிச்சாங்க. அப்புறம்தான், உனக்கு யார் பாடம் நடத்துறாங்கன்னு கேட்டாங்க. கோப் டீச்சர்னேன். காகிதத்துல விலாவன்னு இருக்கே, அது யாருன்னாங்க. தெரியாதுன்னேன். சரி, கோப் டீச்சரோட முழுப் பேரைச் சொல்லுன்னாங்க.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்குத் தெரியலையே.”

எப்படித் தெரியும்? இந்த ஊரில் யார் யாரை அடையாள அட்டையில் இருக்கிற பெயரால் கூப்பிடுகிறார்கள்? அந்தப் பெயர் ஆஸ்பத்திரிக்கு, போலீசுக்கு. பிறந்த அன்று வீட்டில் வைக்கிற செல்லப்பெயர்தான் மனுஷன் சாகிறவரை. கோப் என்றால் தவளை. சியாங் மாயில் காய்கறிக்காரி முதல் கோயில் பிக்கு வரை அவளைத் தவளை என்றுதான் அழைத்தார்கள். அட்டையில் சுமாலி என்று ஒருத்தி இருப்பது அவளுக்கே சில நாள் மறந்துபோகும்.

பிழை அதில் இல்லை. வெளிநாட்டவருக்குத் தாய்லாந்து மொழி கற்றுத்தரும் இந்தப் பள்ளியின் முதலாளி பிராமோத், மாணவர் விசாவுக்கு அனுப்பும் காகிதங்களில் தன் அண்ணி விலாவனை ஆசிரியை என்று போட்டிருந்தான். விலாவனிடம் ஆசிரியர் உரிமம் இருந்தது. பாடம் நடத்த மனசு இல்லை, அவள் இந்தக் கட்டடத்தின் பக்கம் வந்தே மூன்று வருடம் ஆகிறது. கோப்பிடம் உரிமம் இல்லை, கல்லூரியைப் பாதியில் விட்டவள். தொண்டை கிழியக் கத்துவது இவள், பேர் அவளுக்கு.

அவள் நேராகப் பிராமோத்தின் அறைக்குப் போனாள். அவன் பசைச்சோற்றை உருட்டி, பொரித்த தொத்திறைச்சியோடு வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

“சார், வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்கெல்லாம் ஒரு சீட்டு எழுதிக் குடுப்பீங்களே, டீச்சர் பேரு விலாவன், கண்ணாடி போட்டிருப்பாங்கன்னு. அதை சேயாருக்கு ஏன் குடுக்கல?”

“அவன்தான் தினமும் வர்றானே. வர்றவனுக்கு எதுக்குச் சீட்டு?” அவன் உண்மையிலேயே வியப்போடு கேட்டான்.

போன வாரம்தான் ஒரு தடிமாடு, தண்ணீர் என்று கேட்கக்கூடத் தெரியாதவன், அந்தச் சீட்டை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு முத்திரையோடு வந்து எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான். ஒருநாள் தவறாமல் வந்தவனுக்கு ஏழு நாள் கெடு!

“கோப், மனசைக் குளிர வெச்சுக்கோ. லாவோஸ் பக்கம் போயிட்டு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லு.”

“பர்மாக்காரன் சார் அவன்! அந்தப் பாஸ்போர்ட்டுக்கு எவன் மறுபடி விசா குடுப்பான்? கடைசில ஊருக்குத்தான் அனுப்புவாங்க. இறங்கின உடனே ராணுவத்துக்காரங்க பிடிச்சிட்டுப் போய் கைல துப்பாக்கியக் குடுப்பாங்க. அவன் தம்பியக் கொண்டுபோய் எட்டு மாசம் ஆச்சு, உயிரோட இருக்கானான்னு தெரியல.”

“அதுக்கு நான் என்ன பண்ண? உன் பேரைச் சொன்னா பள்ளிக்குப் பூட்டு. உனக்கும் சோறு போச்சு. யோசிச்சுப் பேசு.”

மனசைக் குளிர வைத்துக்கொள். பிறந்ததிலிருந்து இதைத்தான் கேட்கிறாள். குளிர வைத்துக் குளிர வைத்து விறைத்தே போய்விட்டது. அவள் அலமாரியைத் திறந்து வருகைப் பதிவேட்டை இழுத்தாள். பிராமோத் எச்சில் கையோடு எழுந்தான்.

“தொடாதீங்க சார். தொட்டா மரியாதை கெட்டுடும்!”

இருபது வருடத்தில் அவள் குரல் அந்த மாதிரி எழுந்து யாரும் கேட்டதில்லை. அவன் உட்கார்ந்துவிட்டான்.

குடிவரவு அலுவலகத்துக்குப் போகிற வழியெல்லாம், அவள் ஸ்கூட்டரின் பின்னால் சேயார் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, “வேணாம் டீச்சர், உங்களுக்கு வம்பு” என்று சொல்லிக்கொண்டே வந்தான். “வாயை மூடிக்கிட்டு உக்காரு” என்றாள். கோபம் பிராமோத் மேல் என்றுதான் விமான நிலையச் சாலை வரை நினைத்திருந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் நினைவு வந்தது. அந்தப் பதிவேட்டில் விலாவன் என்று தினமும் கையெழுத்துப் போட்டது யார்? பிராமோத்தா போட்டான்? மூன்று வருடமாக, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பேச்சுவாக்கில், இவளேதான் போட்டாள். தூ என்று துப்பலாம் போல இருந்தது.

காலையில் இருந்த அதே அதிகாரி அம்மாள்தான் கவுன்டரில் இருந்தாள். கோப் தன் அடையாள அட்டையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

“நான்தாங்க தவளை டீச்சர்.”

அதிகாரி அட்டையைப் பார்த்தாள். பதிவேட்டைப் புரட்டினாள். “விலாவன்னு கையெழுத்து இருக்கே. யார் போட்டது?”

“நான்தான். எல்லா நாளும் நான்தான் போட்டேன். இவன் எல்லா நாளும் வந்தான். பொய் என்னோடது, படிப்பு இவனோடது.”

“என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா அக்கா? இது உங்க தலைல விடியும்.”

“தெரியும். எழுதிக்குங்க.”

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் நீலப் பேனாவையும் நீட்டினாள். “இவனுக்கு என்ன ஆகும்னு என்னால இப்போ சொல்ல முடியாது. நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

கோப் நின்றபடியே எழுதினாள். அழுத்திய அழுத்தத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. கடைசியில் கையெழுத்துக்கு வந்தபோது, பாழாய்ப்போன கை தன் பாட்டுக்கு விலாவனின் சுழியைத் தொடங்கியது. அதை அடித்தாள். பக்கத்திலேயே, பெரிதாக, தன் பெயரை எழுதினாள்.

அதிகாரி ஏழு நாள் முத்திரை குத்திய பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தாளைச் சேயார் பக்கம் திருப்பினாள்.

“இவங்க பேர் என்ன?”

அவன் குனிந்தான். நீலம் இன்னும் காயவில்லை. அவள் கற்றுக்கொடுத்தபடியே, எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாகப் படிக்கத் தொடங்கினான்.