பிறேக்கர் பெட்டிக்குத் தீர்த்தம்

கண்டக்குழியில் அன்று விடியற்காலை ஒரே மூடுபனி. காற்றாலைகளின் இறக்கைகள் எங்கோ வானத்துக்குள் சுழன்றன. அந்தக் காற்று தரும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பற்றரிக் கொள்கலன்கள் மணலைத் தொடாமல் மிதப்பதுபோல் வெள்ளையாய்க் கிடந்தன. அவற்றை நாட்டின் மின்கம்பியோடு இணைப்பது ஒரு பிறேக்கர் பெட்டி. ஒன்பது மணிக்கு முதன்முறையாக அதற்குள் முப்பத்துமூவாயிரம் வோல்ட் வரப்போகிறது.

மாக்கிறட் எல்லாருக்கும் முன்னமே வந்துவிட்டாள். அங்கே வேலைசெய்யும் ஒரே பெண். சேர்ந்து நாலு மாதம். பாதித் தூக்கத்தில் நடப்பவளாய்ப் பெட்டியின் கீழ்க்கதவைத் திறந்து, தலவில கத்தோலிக்கக் கோயில் தீர்த்தத்தைக் கேபிள் முனைகளில் தெளித்தாள். புதுப் படகை இறக்கும்போது அப்பா தெளிப்பாரே, அப்படித்தான். இதற்கெல்லாம் யாரிடம் கேட்பது? மனம் குளிரக் கதவைப் பூட்டினாள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். மின்சாரத்தை இணைக்கப்போகும் தாஹிர், அவள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி, தடித்த பாதுகாப்பு உடுப்போடு பெட்டியின் முன்னால் ஆளியில் கைவைத்து நின்றார். மாக்கிறட்டின் கண்ணுக்குள் இன்னும் கோயில்தான். சுவாமியார் தண்ணீரை மந்திரிக்கிறார். விரல் நுனியால் வெள்ளையாய் எதையோ எடுத்துப் போடுகிறார்.

உப்பு.

உப்புத் தண்ணீர் பட்ட கேபிளில் மின்சாரம் பாய்ந்தால் பெட்டி வெடிக்கும், முன்னால் நிற்பவர் எரிந்துபோவார். வாயைத் திறந்தால் வேலை போகும்.

"தாஹிர் நானா, போடாதீங்க. உள்ளுக்கு நான் தீர்த்தம் தெளிச்சிட்டன். உப்புப் போட்ட தண்ணி."

தாஹிர் கையை இழுத்துக்கொண்டார். கதவைத் திறந்தால், கேபிள் முனைகளில் துளிகள் காயாமல் நின்றன. பாவம், பார்க்க அழகாய்த்தான் இருந்தன.

கொழும்பிலிருந்து பொறியியலாளர் போனில் வந்தார். என்ன சுணக்கம் என்றார். மாக்கிறட் தாஹிரிடமிருந்து போனை வாங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"என்னத்துக்குத் தீர்த்தம் தெளிச்சீங்க?"

"முன்னுக்கு நிக்கிறது தாஹிர் நானா, சேர். அவருக்கு ஒண்டும் ஆகக்கூடாதெண்டு."

"துடைச்சுத் திரும்ப டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. நீங்க நாளைக்கு கொழும்பு ஒபிசுக்கு வாங்க."

மாக்கிறட் அழுதாள். தாஹிர் அவளைப் பார்க்காமல் ஒவ்வொரு துளியாகத் துடைத்தார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு பஸ்?"

"அஞ்சரைக்கு, நானா."

"நானும் வாறன். எனக்காகத் தெளிச்ச தண்ணிக்கு நீ மட்டும் போய் ஏச்சு வாங்கேலுமா?"